பிள்ளைங்க சாப்பாடு: அம்மா அப்பாங்க அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதிலும்

சின்னப் பிள்ளை இருக்குற எந்த வீட்டுக்குப் போனாலும் கொஞ்ச நேரத்துல பேச்சு சாப்பாட்டுக்கு வந்துரும். சாப்பிடவே மாட்டேங்குறா, துப்புறான், போன் இல்லாம வாயைத் திறக்க மாட்டேங்குறான், டப்பா அப்படியே திரும்பி வருது. 1 வயசுல இருந்து 10 வயசு வரைக்கும் பிள்ளை வச்சிருக்குறவங்க திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகள இங்க ஒண்ணா போட்டிருக்கேன்.

ஒரு வயசு வரைக்கும் குடுத்ததெல்லாம் சாப்பிட்டா, இப்ப ரெண்டு வயசு ஆகப்போகுது, ரெண்டு வாய்க்கு மேல வாங்க மாட்டேங்குறா. என்ன ஆச்சு?

பெரும்பாலும் ஒண்ணும் ஆகல. 3 கிலோல பிறந்த குழந்தை முதல் பிறந்தநாளுக்குள்ள கிட்டத்தட்ட 9 கிலோ வந்துரும், அதாவது முதல் வருஷத்துல மட்டும் 6 கிலோ. அதுக்கடுத்த வருஷம் ஏறுறது 2, 2½ கிலோதான். வளர்ச்சி வேகம் குறையும்போது பசியும் சேர்ந்து குறையும், ஆனா நாம வயசு ஏற ஏற சோத்தோட அளவும் ஏறணும்னு நினைச்சு கிண்ணத்தைப் பெருசாக்கிட்டே போறோம், சண்டை அங்கதான் ஆரம்பிக்குது. போதாததுக்கு அது ஓட ஆரம்பிக்குற வயசு, ஒரு இடத்துல உக்கார மனசு வராது. புதுசா எதைக் காட்டினாலும் வேண்டாம்னு தள்ளுற குணமும் 2 வயசுல இருந்து 6 வயசு வரைக்கும் தூக்கலாவே இருக்கும்.

இன்னொண்ணு, ஒரு வேளைய மட்டும் வச்சு கணக்கு போடாதீங்க. அமெரிக்காவுல லியான் பர்ச்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர், பிள்ளைங்க சாப்பாட்டைப் பத்தியே பல வருஷம் ஆராய்ச்சி பண்ணவங்க, 1991ல அவங்க குழு 2 வயசுல இருந்து 5 வயசு வரைக்கும் உள்ள 15 பிள்ளைங்க சாப்பிட்டதை வேளை வேளையா அளந்து பாத்தாங்க. ஒரு வேளைக்கும் இன்னொரு வேளைக்கும் நிறைய வித்தியாசம் இருந்துச்சு, ஆனா முழு நாளுக்கு கூட்டிப் பாத்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான். காலைல அரை இட்லியோட எந்திரிச்சுப் போனவன் சாயங்காலம் ரெண்டு தோசை கேப்பான், அவன் உடம்பு அந்தக் கணக்கைப் பாத்துக்குது.

அப்போ எவ்வளவு சாப்பிடணும்னு பிள்ளையே முடிவு பண்ணட்டும்னு சொல்றீங்களா?

ஆமா, அளவை மட்டும். எலின் சாட்டர்ங்குற அமெரிக்க உணவியல் நிபுணர் 1980கள்லயே இதை அழகா பிரிச்சு சொல்லியிருக்காங்க: என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு, எங்க உக்காந்து, இந்த மூணும் பெரியவங்க பொறுப்பு, சாப்பிடணுமா வேண்டாமா, எவ்வளவு, இது ரெண்டும் பிள்ளை பொறுப்பு. நம்ம வீடுகள்ல இது அப்படியே தலைகீழா நடக்குது. என்ன வேணும்னு மூணு வயசுப் பிள்ளைகிட்ட கேட்டு நூடுல்ஸ் பண்றோம், அவன் நினைச்ச நேரத்துக்கு பிஸ்கட் எடுத்துக்குறான், கடைசில அளவுல மட்டும் நாம போய் நின்னு இன்னும் ரெண்டு வாய் இன்னும் ரெண்டு வாய்னு மல்லுக்கட்டுறோம்.

மாத்தணும்னா நேரத்துல இருந்து ஆரம்பிங்க. மூணு வேளை சாப்பாடு, நடுவுல ரெண்டு தடவை சின்னதா ஏதாவது, அதுக்கு இடைப்பட்ட நேரத்துல தண்ணி மட்டும். 12 மணிக்கு பாலும் ரெண்டு பிஸ்கட்டும் குடிச்ச பிள்ளைக்கு 1 மணிக்கு சோறு இறங்காதது அதோட தப்பு இல்லை. சமைக்குறதை வீட்டுக்கே பொதுவா சமைங்க, ஆனா தட்டுல பிள்ளை கண்டிப்பா சாப்பிடுற ஒரு அயிட்டம் இருக்குற மாதிரி பாத்துக்கங்க, பருப்பு சாதமோ தயிரோ ஒரு அப்பளமோ. மத்ததை அவன் தொடலைன்னாலும் பரவாயில்ல, எடுத்து வச்சுட்டு அடுத்த வேளைக்குப் போங்க. தனியா இன்னொண்ணு சமைக்க அடுப்படிக்கு ஓடாதீங்க.

போன் காட்டினாதான் சாப்பிடுறா, நிறுத்தினா அழுது வாந்தியே எடுத்துடுறா. எப்படி நிறுத்துறது?

அதிகமா வர்ற கேள்வி இதுதான். முதல்ல ஏன் நிறுத்தணும்னு சொல்லிடுறேன், ஏன்னா காரணம் மனசுல பதியாட்டி மூணாவது நாளே போனை எடுத்து குடுத்துருவோம். ஸ்க்ரீன் பாக்குற பிள்ளைக்கு வாய்ல போறது என்னன்னே தெரியாது. சூடா புளிப்பா மொறுமொறுப்பா எதுவும் பதியாது, வயிறு போதும்னு சொல்றதும் காதுல விழாது. வாய் தன்னால திறக்கும் தன்னால மூடும், அவ்வளவுதான். அப்படி ஊட்டி ஊட்டி ஒரு பிள்ளைக்கு தேவைக்கு மேல போகலாம், இன்னொரு பிள்ளை மெல்லவே மறந்து கன்னத்துல அடக்கி வச்சுக்கும். பசியும் நிறைவும் தானா தெரியுறதுங்குறது பிறந்த குழந்தைக்கே இருக்குற திறமை, பால் போதும்னா முகத்தைத் திருப்பிக்கும்ல, அதைத்தான் போன் அழிக்குது. உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்ன கணக்குப்படி ரெண்டு வயசு ஆகுற வரைக்கும் ஸ்க்ரீனே கூடாது, 2 வயசுல இருந்து 4 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு மொத்தமாவே ஒரு மணி நேரம்தான், அதுலயும் குறைஞ்சா நல்லது. மூணு வேளை ஊட்டுறதுக்கே மூணு மணி நேரம் ஓடுற வீடு எத்தனையோ இருக்கு.

நிறுத்துறதை ஒரு லீவு நாளா பாத்து ஆரம்பிங்க, ஸ்கூல் வேன் வர்ற அவசரத்துல இது நடக்காது. வீட்ல எல்லார்கிட்டயும் முன்னாடியே சொல்லிடுங்க, ஒருத்தர் மறைக்க இன்னொருத்தர் எடுத்து குடுத்தா அழுகைதான் நீளும். ஒரே வேளையா முதல்ல நிறுத்துங்க, எந்த வேளைக்கு நல்லா பசி இருக்குமோ அந்த வேளை, விளையாடிட்டு வந்த பிறகு சாயங்காலம் பல பிள்ளைங்களுக்கு சரியா வரும். போனை பீரோல வச்சு பூட்டிட்டு, உங்க போனையும் சேர்த்துதான், கீழ உக்காந்து தட்டை நடுவுல வச்சு நீங்களும் சாப்பிடுங்க. முதல் சில நாள் கம்மியாத்தான் சாப்பிடும். அதை அப்படியே விட்ருங்க, 20, 25 நிமிஷத்துல தட்டை எடுத்துடுங்க, திட்டாதீங்க, கெஞ்சாதீங்க. ஆரோக்கியமா விளையாடிட்டு இருக்குற பிள்ளை ரெண்டு மூணு வேளை கம்மியா சாப்பிட்டா ஒண்ணும் ஆயிடாது. ஏற்கனவே எடை ரொம்பக் கம்மியா இருக்குற பிள்ளை, இல்ல வேற நோய் இருக்குற பிள்ளைன்னா மட்டும் டாக்டர்கிட்ட பேசிட்டு ஆரம்பிங்க.

நிலாவைக் காட்டி கதை சொல்லி ஊட்டுனதும் கவனத்தை திருப்புறதுதானே? பாட்டிமார் செஞ்சா சரி, நாங்க செஞ்சா தப்பா?

நியாயமான கேள்வி. ஆனா மொட்டை மாடில நிலாச்சோறு ஊட்டுற பாட்டி பிள்ளை முகத்தைப் பாத்துட்டே இருப்பாங்க. உருண்டைய முழுங்கிருச்சா, முகத்தைத் திருப்புதா, எல்லாம் தெரியும். கதையும் பிள்ளை கேக்குற கேள்விக்கு நின்னு நின்னுதான் போகும். போன்ல வீடியோ நிக்காது, ஊட்டுறவங்களும் அதையே பாத்துட்டு இருப்பாங்க. கதை தாராளமா சொல்லுங்க. கிண்ணத்தைத் தூக்கிட்டு தெரு முழுக்க பின்னாடி ஓடுறதும், பூச்சாண்டி வர்றான் ஊசி போட்டுருவாங்கன்னு பயங்காட்டி திணிக்குறதும் மட்டும் வேண்டாம், அது பாட்டி செஞ்சாலும் வேண்டாம்.

எத்தனை வயசுல தானா சாப்பிடணும்?

8, 9 மாசத்துல கையில எடுத்து வாய்ல வைக்க ஆரம்பிச்சுரும், அப்பவே இட்லித் துண்டு, வேக வச்ச கேரட், பழுத்த வாழைப்பழம் குடுங்க. ஒன்றரை வயசுல சிந்திச் சிதறி சாப்பிடும், 3 வயசுக்குள்ள ஓரளவு தானே சாப்பிட்டு முடிக்கும். சிந்துறதுக்கு பயந்துதான் பல வீட்ல 6 வயசு வரைக்கும் ஊட்டுறோம். கீழ ஒரு பழைய வேட்டிய விரிச்சுப் போடுங்க, ஸ்பூன் கட்டாயம் இல்ல, கையால பிசைஞ்சு சாப்பிடுற பிள்ளைக்கு சூடு, குழைவு, முள் இருக்கா இல்லையா எல்லாம் விரல்லயே தெரிஞ்சுரும்.

காய்னாலே ஒதுக்குறான், கருவேப்பிலை வரைக்கும் பொறுக்கி வெளிய வைக்குறான்.

ஒரு காய பிள்ளைக்கு பிடிக்கலன்னு முடிவு பண்ண எத்தனை தடவை குடுத்துப் பாத்தீங்க? பெரும்பாலும் ரெண்டு, மூணு. புதுச் சுவை பழகுறதுக்கு 8ல இருந்து 15 தடவை வரைக்கும் கூட ஆகலாம்னு ஆராய்ச்சிகள் சொல்லுது, தொட்டுப் பாத்ததும் நக்கிட்டு துப்புனதும் கூட அந்தக் கணக்குல வரும். அதனால பீன்ஸ் பொரியல்னா நாலே நாலு துண்டு தட்டு ஓரத்துல வைங்க, சாப்பிடுனு சொல்லாதீங்க, நீங்க சாப்பிடுங்க. வாரத்துல ரெண்டு நாள் அது தட்டுல வந்துட்டே இருக்கட்டும்.

சொல்லாம இருக்குறது ரொம்பக் கஷ்டம்தான், தெரியும். ஆனா சொன்னா என்ன ஆகுதுன்னும் பாத்திருக்காங்க. 2006ல வந்த ஒரு ஆய்வுல, பர்ச்சும் அதுல இருந்தாங்க, சின்னப் பிள்ளைங்களுக்கு ரெண்டு விதமான சூப் குடுத்து ஒண்ணுக்கு மட்டும் "சூப்பை முடிச்சுடு"ன்னு சொல்லிட்டே இருந்தாங்க. சும்மா விட்ட சூப்பைத்தான் பிள்ளைங்க அதிகமா குடிச்சாங்க, முடி முடின்னு சொன்ன சூப்பைப் பத்தி குறையா பேசினாங்க.

சமைக்குற விதத்தையும் மாத்திப் பாருங்க. குழைய வெந்த கத்திரிக்காய் பல பிள்ளைங்களுக்கு வழவழன்னு இருக்குறதாலயே பிடிக்காது, அதையே வறுத்தா சாப்பிடும். வெண்டைக்காய் மொறுமொறுன்னு, பூசணி கூட்டுல, கேரட் பச்சையா துருவி எலுமிச்சை பிழிஞ்சு. உழவர் சந்தைக்கு கூட்டிட்டுப் போய் ஒரு காய அவனையே எடுக்க விடுங்க, முருங்கைக்கீரை உருவ, பட்டாணி உரிக்க உக்கார வைங்க. தான் உருவுன கீரைன்னா ஒரு வாயாவது ருசி பாக்கும்.

காய அரைச்சு தோசை மாவுல மறைச்சு குடுத்தா தப்பா?

தப்பில்ல, பீட்ரூட் தோசை, கீரை அடை எல்லாம் நல்ல சாப்பாடுதான். மறைச்சுட்டு காய் இல்லைனு சொல்லாதீங்க, பீட்ரூட் போட்டிருக்குன்னு சொல்லியே குடுங்க. கண்டுபிடிச்சா அப்புறம் தோசையவே சந்தேகமா பாக்கும்.

முழுசா சாப்பிட்டா ஐஸ்கிரீம் வாங்கித் தர்றேன்னு சொன்னா வேலை நடக்குதே?

அன்னைக்கு நடக்கும். ஆனா கூட்டுங்குறது சகிச்சுக்குற விஷயம், ஐஸ்கிரீம்ங்குறதுதான் பரிசுன்னு பிள்ளை கத்துக்குது, பரிசுக்காக சாப்பிட்ட சாப்பாடு அப்புறம் பிடிக்காமப் போறதையும் பர்ச்சோட ஆய்வுகள்ல பாத்திருக்காங்க. ஐஸ்கிரீம் குடுக்குற நாள்ல எந்த நிபந்தனையும் இல்லாம குடுங்க. அதே மாதிரி அழுதா சாக்லேட், விழுந்தா லாலிபாப்னு பழக்காதீங்க, வலிக்கும் வருத்தத்துக்கும் தேவை மடி.

சோத்த வீணாக்கக்கூடாதுங்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. அந்த நியாயம் எனக்கும் முக்கியம். அதுக்கு வழி கம்மியா வைக்குறது. ஒரு கரண்டி வைங்க, வேணும்னா கேட்டு வாங்கிக்கட்டும். மிச்சம் பண்ணக்கூடாதுன்னு வயித்துல அடைக்குறதால அந்தச் சோறு யாருக்கும் போய்ச் சேரப் போறதில்ல.

கவனிச்சு சாப்பிடணும்னு சொல்றீங்க, சின்னப் பிள்ளைக்கு அதை எப்படி சொல்லிக்குடுக்குறது?

பாடமா எடுக்காதீங்க. சாப்பிடும்போது வாய்ப்பேச்சா வரட்டும். ரசம் வாசனைல என்னென்ன இருக்கு கண்டுபிடி, அப்பளம் சத்தம் யாருக்கு பெருசா கேக்குது, மாங்காய் புளிப்புல எந்தக் கண்ணு முதல்ல மூடுது, இப்படி. 4, 5 வயசுப் பிள்ளைகிட்ட நடுவுல ஒரு தடவை "வயித்துல இன்னும் இடம் இருக்கா, சரியா இருக்கா, இறுக்கமா இருக்கா"ன்னு கேளுங்க. என்ன பதில் சொன்னாலும் அதை நம்புங்க, "அதுக்குள்ளயா?"ன்னு கேட்டா அடுத்த தடவை உங்களுக்குப் பிடிச்ச பதிலைத்தான் சொல்லும். வயிறு நிறைஞ்சது மூளைக்கு எட்ட ஏறக்குறைய 20 நிமிஷம் ஆகும்னு சொல்வாங்க, அதனால அள்ளி அள்ளிப் போட்டுக்குற பிள்ளைங்க ரெண்டாவது தடவை கேக்கும்போது பேசிட்டு கொஞ்சம் நிதானமா வைங்க. பசியா, போரடிக்குதான்னு பிரிச்சுப் பாக்கவும் பழக்கலாம். டிவி முன்னாடி உக்காந்து முறுக்கு கேக்குற பிள்ளைகிட்ட "இட்லி இருக்கு, வேணுமா?"ன்னு கேளுங்க, வேணும்னா பசி, இட்லி வேண்டாம் முறுக்குதான்னா பெரும்பாலும் போரடிக்குது.

பால்ல ஹார்லிக்ஸ், பூஸ்ட், போர்ன்விட்டா கலந்து குடுத்தா சாப்பிடாத குறைய சரி பண்ணிடும்ல?

சரி பண்ணாது, பல வீட்ல அந்தப் பால்தான் குறையவே உண்டாக்குது. ஒரு வயசுக்கு மேல ஒரு நாளைக்கு 400, 500 மில்லி பால் போதும். ஒரு லிட்டர் குடிக்குற பிள்ளைக்கு சோத்துக்கு பசி இருக்காது, பால்ல இரும்புச்சத்து மிகக் குறைவு, அதனால கொழுகொழுன்னு இருக்குற பிள்ளைக்கே ரத்தசோகை வரும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல இந்தியாவுல 6 மாசத்துல இருந்து 5 வயசுக்குள்ள உள்ள பிள்ளைங்கள்ல 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகைனு வந்துச்சு, அதனால இதை லேசா எடுக்காதீங்க. மாவு பானங்கள்ல சர்க்கரை எவ்வளவுன்னு டப்பா பின்னாடி பாருங்க, 4 கிராம் ஒரு டீஸ்பூன்னு கணக்கு. 2024 ஏப்ரல்ல மத்திய வர்த்தக அமைச்சகம் போர்ன்விட்டா மாதிரி பானங்கள ஆன்லைன் கடைகள்ல ஹெல்த் டிரிங்க்னு வகைப்படுத்தக்கூடாதுன்னு சொல்லியிருக்கு, ஏன்னா உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல அப்படி ஒரு வகையே கிடையாது. கேழ்வரகு மாவுல 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் பக்கம் கால்சியம் இருக்கு, கூழாவோ அடையாவோ குடுக்கலாம். டீ, காபி வேண்டாம், சாப்பாட்டுல இருக்குற இரும்புச்சத்தை உடம்புல சேர விடாது.

ஸ்நாக்ஸ் பாக்ஸ்ல என்ன வைக்குறது? தினம் யோசிச்சே மண்டை காயுது.

யோசிக்காதீங்க, வாரத்துக்கு ஒரு வரிசை போட்டு பிரிட்ஜ்ல ஒட்டிடுங்க. கொய்யா, சுண்டல், வேர்க்கடலை உருண்டை, அவிச்ச சர்க்கரைவள்ளி, முட்டை. திரும்பத் திரும்ப வந்தா தப்பில்ல. ஒரு எச்சரிக்கை, 4 வயசுக்குக் கீழ முழு வேர்க்கடலை, முழு திராட்சை, பாப்கார்ன் குடுக்காதீங்க, மூச்சுக்குழாய்ல போய் அடைச்சுக்கும். திராட்சைய நீளவாக்குல நறுக்குங்க, கொண்டைக்கடலைய மசிச்சு குடுங்க. ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு தேன் நாக்குல கூட வைக்காதீங்க.

லஞ்ச் பாக்ஸ் அப்படியே திரும்பி வருது.

திட்டுறதுக்கு முன்னாடி காரணம் கேளுங்க. பல தடவை மூடிய திறக்க முடியாததுதான் காரணமா இருக்கும், இல்ல சாப்பிட குடுக்குற நேரம் 15 நிமிஷம்தான், அதுல பாதி கை கழுவ வரிசைல போயிருக்கும், இல்ல சாம்பார் சாதம் 12 மணிக்குள்ள கல்லு மாதிரி இறுகியிருக்கும். ஸ்கூல் டாய்லெட் பிடிக்காம தண்ணியும் குடிக்காம சாப்பாடும் குறைச்சுக்குற பிள்ளைங்க, முக்கியமா பொம்பளைப் பிள்ளைங்க, நிறைய. அதை டீச்சர்கிட்ட போய் பேசியே ஆகணும். வீட்ல ஒரு நாள் அதே டப்பாவுல வச்சு சாப்பிடச் சொல்லிப் பாருங்க, எங்க சிக்குதுன்னு தெரிஞ்சுரும்.

அரசுப் பள்ளில சத்துணவு சாப்பிடுறான், வீட்ல தொடாத காய அங்க சாப்பிடுறானாமே, எப்படி?

வரிசையா உக்காந்து எல்லாரும் ஒரே சாப்பாட்டை சாப்பிடுறதுதான் காரணம். பக்கத்துல இருக்குற பிள்ளை சாப்பிடுறதைப் பாத்து சாப்பிடுறது மாதிரி வேற எதுவும் வேலை செய்யாது, யாரும் பின்னாடி நின்னு கெஞ்சுறதும் இல்ல. காமராஜர் 1956ல மதிய உணவை ஆரம்பிச்சாரு, 1982ல எம்.ஜி.ஆர். சத்துணவா விரிவாக்கினாரு, அப்புறம் முட்டை சேர்ந்துச்சு, 2022 செப்டம்பர் 15ல மதுரைல காலை உணவுத் திட்டமும் ஆரம்பிச்சு அடுத்த வருஷம் எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் போச்சு. உப்புமா, கிச்சடி, பொங்கல்னு காயும் சாம்பாருமா சூடா கிடைக்குது. அந்தச் சாப்பாட்டை மட்டமா நினைச்சு, வேண்டாம்னு சொல்லி டப்பாவுல நூடுல்ஸ் குடுத்து அனுப்பாதீங்க. வீட்லயும் பக்கத்து வீட்டுப் பிள்ளைங்கள கூப்பிட்டு ஒண்ணா உக்கார வச்சுப் பாருங்க.

பாக்கெட் அயிட்டம், ஜூஸ் எல்லாம் முழுசா தடை போடலாமா?

வீட்டுக்குள்ள வாங்கி அடுக்காம இருந்தாலே பாதி வேலை முடிஞ்சுரும். பிறந்தநாள், திருவிழால சாப்பிடட்டும், முழுசா தடை போட்டா வெளிய கிடைக்கும்போது அளவில்லாம சாப்பிடும். கண்ணைப் பறிக்குற கலர் மட்டும் கவனிங்க. ரோடமின் பி சாயம் இருந்ததால 2024 பிப்ரவரில தமிழ்நாட்டுல பஞ்சு மிட்டாய்க்கே தடை போட்டாங்க.

மாமியார் வந்தாலே "பிள்ளை இளைச்சிருச்சு, நீ ஒழுங்கா சாப்பாடு குடுக்குறதில்ல"ங்குறாங்க.

அவங்க வளர்த்த காலத்துல சாப்பாடு இல்லாமதான் பிள்ளைங்க இளைச்சாங்க, அந்த பயம் அவங்களுக்கு இன்னும் போகல. சண்டை போடாதீங்க. அங்கன்வாடிலயோ டாக்டர்கிட்டயோ எடை, உயரம் போட்ட வளர்ச்சி அட்டைய எடுத்துக் காட்டுங்க, கோடு ஏறிட்டே இருக்கா, "பாருங்கத்தை, சரியாத்தான் இருக்கான்". கூடவே அவங்களுக்கு ஒரு வேலையும் குடுங்க, ஊட்டுறதுக்குப் பதிலா பக்கத்துல உக்காந்து சாப்பிட. முடிஞ்சா இதை உங்க வீட்டுக்காரரையே சொல்லச் சொல்லுங்க, மகன் சொன்னா கேக்குற மாதிரி மருமக சொன்னா எல்லா வீட்லயும் எடுபடாது.

8 வயசுல குண்டா இருக்கான், டயட் வைக்கலாமா?

டாக்டர் சொல்லாம எந்த டயட்டும் வேண்டாம். குண்டான்னு கூப்பிடுறதை வீட்லயும் சொந்தக்காரங்க மத்தியிலயும் முதல்ல நிறுத்துங்க, பிள்ளை அதுல உடைஞ்சு போயி ஒளிச்சு வச்சு சாப்பிட ஆரம்பிக்கும். ஜூஸ், கூல் டிரிங்ஸ், ராத்திரி தூக்கம், விளையாட்டு, இந்த நாலையும் வீடு மொத்தத்துக்குமா மாத்துங்க. அவன் தட்டை மட்டும் தனியா குறைக்காதீங்க.

எப்ப டாக்டர்கிட்ட போகணும்?

எடை நின்னு போயிருந்தா, குறைஞ்சா. மண்ணு, சுண்ணாம்பு, பச்சரிசி அள்ளித் தின்னா, அது ரத்தசோகையா இருக்கலாம். ஒவ்வொரு வேளையும் இருமல், புரையேறல், வாந்தி வந்தா. மொத்தமே நாலஞ்சு அயிட்டம்தான் சாப்பிடும், அதுலயும் ஒண்ணொண்ணா விட்டுட்டே வருதுன்னா. மலச்சிக்கல் இருந்தாலும் பசி எடுக்காது, அதை நிறைய பேர் கவனிக்குறதில்ல. பூச்சி மாத்திரை வருஷத்துக்கு ரெண்டு தடவை பள்ளிலயும் அங்கன்வாடிலயும் 1 வயசுல இருந்து 19 வயசு வரைக்கும் இலவசமா குடுக்குறாங்க, விட்ராதீங்க.

ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், ஒண்ணா உக்காந்து சாப்பிடவே நேரமில்ல. நாங்க என்ன பண்றது?

மூணு வேளையும் வேண்டாம், ஒரு வேளை பிடிங்க. ராத்திரி 9 மணிக்கு அப்பா வர்றாருன்னா பிள்ளை 7:30க்கு சாப்பிட்டு முடிக்கட்டும், பசியோட காத்திருக்க வைக்காதீங்க, ஆனா அந்த 7:30க்கு வீட்ல இருக்குற யாராவது ஒருத்தர் தனக்கும் ஒரு தட்டு வச்சுட்டு கூட உக்காரணும். ரெண்டு இட்லி போதும். அப்பாவுக்கு காலை டிபன் நேரம் தோதுப்பட்டா அதை எடுத்துக்கட்டும், 15 நிமிஷம் முன்னாடி எந்திரிச்சா நடக்கும். பகல்ல பாத்துக்குற பாட்டியோ ஆயாவோ இருந்தா இங்க சொன்ன நேரம், போன் விஷயம், ஊட்டாம விடுறது இதெல்லாத்தையும் அவங்ககிட்ட பொறுமையா உக்காந்து பேசிடுங்க, நாளோட பெரும் பகுதி பிள்ளை அவங்க கூடத்தான் சாப்பிடுது.